கட் சொல்லாத கேமரா: மிக்லோஷ் யான்ச்சோவை வைத்து நீண்ட ஷாட்டைப் புரிந்துகொள்வோம்

சினிமா பற்றிப் பேசும் இடங்களில் இப்போதெல்லாம் 'சிங்கிள் ஷாட்' என்பது ஒரு பாராட்டு வார்த்தையாகவே ஆகிவிட்டது. எத்தனை நிமிடம் கட் இல்லாமல் எடுத்தார்கள், எத்தனை நாள் ஒத்திகை பார்த்தார்கள், கேமரா எந்த ஜன்னல் வழியாக நுழைந்து எந்தக் கதவு வழியாக வெளியே வந்தது என்றே பேச்சு ஓடுகிறது. எதற்காக அப்படி எடுத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குத் தன் படங்களாலேயே பதில் சொன்னவர் ஹங்கேரிய இயக்குநர் மிக்லோஷ் யான்ச்சோ. நீண்ட ஷாட் என்றால் என்ன என்று புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். போனில் வீடியோ எடுக்கும்போது சிவப்புப் பட்டனை ஒருமுறை அழுத்தித் தொடங்கி, மறுபடி அழுத்தி நிறுத்துகிறோம் அல்லவா? இடையில் பதிவானது ஒரு ஷாட். அப்படி எடுத்த பல ஷாட்களைத் தேவையான அளவுக்கு வெட்டி, அடுத்தடுத்து ஒட்டுவது எடிட்டிங். ஒரு ஷாட் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் கட். இரண்டு பேர் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால், பேசுபவர் முகம், கேட்பவர் முகம், மறுபடி பேசுபவர், நடுவில் மேஜைமேல் கிடக்கும் கடிதம் என்று ஒரு நிமிடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கட் வந்துவிடும். அது நம் கண்ணில் படுவதே இல்லை. இரண்டு மணி நேர வணிகப் படம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷாட்கள் இருப்பது சாதாரணம். யான்ச்சோ 1974-ல் எடுத்த 'எலக்ட்ரா, மை லவ்' சுமார் எழுபது நிமிடப் படம். அதில் மொத்தமே 12 ஷாட்கள்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சினிமாக்காரர்கள் லாங் ஷாட் என்று சொல்வது ஆளைத் தூரத்தில் வைத்து எடுப்பதை. நாம் பேசப்போவது லாங் டேக்கைப் பற்றி, அதாவது வெகுநேரம் வெட்டுப்படாமல் ஓடும் ஷாட்டைப் பற்றி. இந்தக் கட்டுரையில் நீண்ட ஷாட் என்று வரும் இடமெல்லாம் அதைத்தான் குறிக்கும்.

சரி, வெட்டாமல் ஓடவிட்டால் என்ன ஆகிறது? ஒவ்வொரு கட்டும் நம்மிடம் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. இப்போது இவரைப் பார், இவர் அழுவதைக் கவனி, இவர் பக்கம் நில் என்று. நல்லவர் முகத்தை அருகில் காட்டி, கெட்டவரைக் கீழிருந்து காட்டினால் யார் பக்கம் சேரவேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை. கட் போனதும் அந்த வழிகாட்டுதலும் போய்விடுகிறது. திரையில் இருபது பேர் நடமாடுகிறார்கள், யாரைப் பார்ப்பது என்று நாமே தேடவேண்டும். நடப்பதெல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நம் கண்முன்னே நடக்கிறது. வெட்டி ஒட்டியதால் உண்டான விளைவு என்று தள்ளிவிட முடியாது. கத்தி எடுத்தவனும் கத்திக்குத்து வாங்கியவனும் உண்மையிலேயே பத்தடி தூரத்தில் நிற்கிறார்கள்.

ஆனால் வெட்டாமல் இருப்பதே ஒரு சாதனை ஆகிவிடாது. அந்த நீளத்துக்குள் என்ன மாறுகிறது என்பதுதான் முக்கியம். யான்ச்சோ படங்களில் மாறுவது அதிகாரம். ஷாட் தொடங்கும்போது உத்தரவு போடுபவன் ஒருவன். மூன்று நிமிடம் கழித்து அவனுக்கே உத்தரவு போட இன்னொருவன் வந்துவிடுகிறான். ஷாட் முடிவதற்குள் அவன் கதியும் நிச்சயம் இல்லை. இந்த ஒரே விஷயத்தை அவர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்தார். ஏன் அதை எடுத்தார் என்று புரிய அவர் பிறந்து வளர்ந்த நாட்டையும் காலத்தையும் பார்க்கவேண்டும்.

புடாபெஸ்டுக்கு வடக்கே டான்யூப் ஆற்றங்கரையில் வாட்ஸ் என்ற ஊரில் 1921 செப்டம்பர் 27 அன்று பிறந்தார். அப்பா ஹங்கேரியர், அம்மா ருமேனியர். சட்டம் படித்து 1944-ல் கொலோஷ்வார் நகரத்தில் பட்டம் வாங்கினார். இன்று அந்த ஊர் ருமேனியாவில் க்ளூஜ் என்ற பெயரில் இருக்கிறது. சட்டத்தோடு கலை வரலாறும் இனவரைவியலும் படித்தார். கிராமத்து மக்களின் பாட்டு, ஆட்டம், சடங்கு ஆகியவற்றின்மேல் அப்போது வந்த ஆசை கடைசிவரை போகவில்லை. அவர் படங்களில் ஜனங்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுவதும், வரிசையாக நின்று பாடுவதும் அங்கிருந்து வந்தவைதான். வக்கீல் தொழிலுக்கு அவர் போகவில்லை. போர், கொஞ்ச காலம் போர்க்கைதியாகச் சிறை, அப்புறம் புடாபெஸ்ட் நாடக, திரைப்படக் கல்லூரி. அங்கிருந்து 1950-ல் இயக்குநராக வெளியே வந்தார்.

வந்ததும் கையில் கிடைத்த வேலை செய்திப்படம் எடுப்பது. ஹங்கேரியில் அது மாத்யாஷ் ராகோஷியின் ஸ்டாலினிச ஆட்சி நடந்த காலம். அரசு விழா, ஊர்வலம், அறுவடை என்று அரசாங்கம் காட்டச் சொன்னதைக் காட்டவேண்டும். யான்ச்சோ அப்போது சோஷலிசத்தை மனதார நம்பியவர். நம்பிக்கையோடு வேலை செய்துகொண்டே, கேமரா எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லும் என்பதையும் அவர் அருகிலிருந்து பார்த்தார். கொடி பிடித்து வரிசையாக நடக்கும் ஆயிரம் பேரை எங்கே நிறுத்தினால் எப்படித் தெரியும் என்ற கைத்தொழிலும் அங்கே பழகியதுதான். பின்னாளில் அவர் படங்களில் கூட்டம் நகரும் விதத்தைப் பார்க்கும்போது, அந்த ஊர்வலங்களைப் படம் பிடித்த மனிதர் அதே அசைவுகளுக்குள் இருக்கும் பயத்தை வெளியே எடுத்துப்போடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

அந்த நாட்டின் சரித்திரத்தையும் நாலு வரியில் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் படங்கள் பிடிபடாது. ஆஸ்திரியாவிலிருந்து ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசுக்கு எதிராக 1848-ல் கிளம்பிய புரட்சி அடுத்த வருடமே நசுக்கப்பட்டது. முதல் உலகப்போர் முடிந்ததும் 1919-ல் பேலா குன் தலைமையில் வந்த கம்யூனிஸ்ட் குடியரசு 133 நாள்தான் நின்றது. அதை அடுத்து, கம்யூனிஸ்டுகளை எதிர்த்த வெள்ளைப்படையின் பழிவாங்கல். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு, பிறகு சோவியத் படை. அக்டோபர் 1956-ல் மக்கள் கிளர்ந்து எழ, நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. கிளர்ச்சியின்போது பிரதமராக இருந்த இம்ரே நாஜ் 1958-ல் தூக்கிலிடப்பட்டார். ஒரே தலைமுறையில் ஆள்பவர் மாறி, அடிபடுபவர் மாறி, மறுபடி மாறிய நாடு அது. நேற்று விசாரித்தவர் இன்று விசாரிக்கப்படுவதை அங்கே ஒவ்வொரு குடும்பமும் பார்த்திருக்கும்.

முதல் கதைப்படத்தை 1958-ல் எடுத்தார். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே காலத்தில் அவர் மணந்துகொண்ட மார்தா மேசாரோஷ் பிற்பாடு தானே பெரிய இயக்குநர் ஆனார். 1975-ல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கிய 'அடாப்ஷன்' அவர் படம். அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். யான்ச்சோவின் வாழ்க்கையில் திருப்பம் 1959-ல் வந்தது. எழுத்தாளர் ஜூலா ஹெர்னாதியின் அறிமுகம் அப்போது கிடைத்தது. 2005-ல் ஹெர்னாதி இறக்கும்வரை அந்த நட்பும் கூட்டு வேலையும் தொடர்ந்தன. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் பாதிப்போடு ஒரு படம், போர் முடியும் நாட்களில் ஒரு ஹங்கேரியப் பையனும் ஒரு சோவியத் சிப்பாயும் பழகுவதைப் பற்றி ஒரு படம் என்று எடுத்துப் பழகிய பிறகு, 1966-ல் வந்தது 'த ரவுண்ட்-அப்'.

கதை நடப்பது 1869 வாக்கில். புரட்சி தோற்று இருபது வருடம் ஆகிவிட்டது. ஷாந்தோர் ரோஷா என்ற கொள்ளைக்காரத் தலைவனோடு சேர்ந்து புரட்சியில் சண்டை போட்டவர்கள் இன்னும் ஊருக்குள் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க நூற்றுக்கணக்கான விவசாயிகளை அள்ளிக்கொண்டுவந்து, புஸ்தா என்று சொல்லப்படும் ஹங்கேரியப் புல்வெளியின் நடுவே ஒரு கோட்டையில் அடைக்கிறார்கள். வெள்ளைச் சுவர், மேலே பெரிய வானம், நாலு பக்கமும் மரமே இல்லாத சமவெளி. ஓடினால் ஒளிய இடமில்லை. சிறை என்றதும் இருட்டும் கம்பியும் நினைவுக்கு வருமே, இங்கே அதெல்லாம் கிடையாது. வெளிச்சமும் வெட்டவெளியும்தான் சிறை.

கைதிகளில் காய்தோர் என்று ஒருவன். கொலை செய்தவன் என்று தெரிந்துவிட்டது, தூக்கு நிச்சயம். அவனிடம் அதிகாரிகள் ஒரு பேரம் பேசுகிறார்கள்: உன்னைவிட அதிகம் பேரைக் கொன்றவன் ஒருவனைக் காட்டிக்கொடு, நீ பிழைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். யாரும் கத்துவதில்லை, மேஜையைத் தட்டுவதில்லை. அவன் கோட்டைக்குள் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பிக்கிறான். கேமராவும் கூடவே போகிறது. நேற்றுவரை அவனோடு அடைபட்டுக் கிடந்தவர்கள் இப்போது அவனைப் பார்த்ததும் விலகுகிறார்கள். அதிகாரத்தின் கையாளாக அவன் மாறியதை வசனம் சொல்லவில்லை; அவன் நடக்க நடக்க அவனைச் சுற்றி விரியும் காலியிடம் சொல்கிறது. ஒரு ராத்திரி அவனையும் யாரோ கொன்றுவிடுகிறார்கள். விசாரணை அந்தக் கொலையைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறது.

இன்னொரு இடத்தில் ஒரு பெண்ணின் உடையைப் பறித்து, சாட்டையோடு இரண்டு வரிசையாக நிற்கும் சிப்பாய்களுக்கு நடுவே மாறி மாறி ஓடவிடுகிறார்கள். கோட்டைக் கூரைமேல் நிற்கும் கைதிகள் அதைப் பார்க்கும்படி ஏற்பாடு. பார்க்கச் சகிக்காமல் கைதிகள் கூரையிலிருந்து குதித்துச் செத்துப்போகிறார்கள். இதை எடுத்திருக்கும் விதத்தைக் கவனிக்கவேண்டும். அந்தப் பெண்ணின் முகத்தை அருகில் காட்டி நம்மை அழவைக்க யான்ச்சோ முயலவே இல்லை. தூரத்திலிருந்து, மேலேயிருந்து, கைதிகள் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படிப் பார்க்கவைக்கிறார். சித்திரவதையின் குறி அந்தப் பெண் இல்லை, பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் என்பது அந்தத் தூரத்தால்தான் நமக்கு உறைக்கிறது.

கடைசிக் காட்சியைச் சொல்லிவிட்டால் படத்தின் சுவை குறையாது, அதனால் சொல்கிறேன். ரோஷாவுக்குப் பேரரசர் மன்னிப்பு வழங்கிவிட்டார் என்று அறிவிக்கிறார்கள். ஒளிந்திருந்த அவன் ஆட்கள் ஆரவாரம் செய்து தங்களை வெளிக்காட்டிக்கொள்கிறார்கள். அறிவிப்பின் அடுத்த வரி வருகிறது: மன்னிப்பு தலைவனுக்கு மட்டும், அவனோடு இருந்தவர்களுக்குத் தண்டனை உண்டு. படம் அங்கே முடிகிறது.

இந்தப் படத்தில் ஷாட்கள் பிற்காலப் படங்கள் அளவுக்கு நீளமானவை இல்லை. ஒளிப்பதிவாளர் தாமாஷ் ஷோம்லோவோடு சேர்ந்து யான்ச்சோ வழி தேடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் ஹங்கேரியில் படத்தைப் பார்த்தவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய 1956-ம், அதற்குப் பின் நடந்த விசாரணைகளும், பொதுமன்னிப்புகளும் எல்லோர் மனதிலும் இருந்தன. படம் கேன்ஸ் விழாவுக்குப் போவதற்கு, அதற்கும் 1956-க்கும் சம்பந்தம் இல்லை என்று யான்ச்சோ வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். அது உண்மை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். சரித்திரக் கதை என்ற போர்வை இல்லாமல் அப்படி ஒரு படம் அந்த நாட்டில் அப்போது வந்திருக்க முடியாது.

அடுத்த வருடம் வந்த 'த ரெட் அண்ட் த ஒயிட்'தான் நீண்ட ஷாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் பிடித்த படம். ரஷ்யப் புரட்சியின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட சோவியத் யூனியனும் ஹங்கேரியும் சேர்ந்து தயாரித்தது. முதல் உலகப்போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்ட ஹங்கேரியச் சிப்பாய்களில் பலர் பிறகு ரஷ்யப் புரட்சி அரசின் செம்படையில் சேர்ந்தார்கள்; அவர்கள் 1919-ல் வோல்கா ஆற்றுப் பக்கத்தில், புரட்சியை எதிர்த்த ரஷ்ய வெள்ளைப்படையோடு மோதுவதுதான் களம். கொண்டாட்டப் படம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு யான்ச்சோ கொடுத்தது வேறு. படத்தில் நாயகன் என்று பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. இவர்தான் முக்கியமானவர் போலும் என்று நாம் நினைக்கும் ஆள் அடுத்த ஐந்து நிமிடத்தில் சுடப்பட்டு விழுந்துவிடுவார். கேமரா அவருக்காக நிற்காது, பக்கத்தில் நடந்துபோகும் வேறொருவரைப் பின்தொடரும். சோவியத் யூனியனில் படத்தை வெட்டி மாற்றித்தான் காட்டினார்கள், பிறகு தடையே செய்துவிட்டார்கள்.

அதில் ஒரு பண்ணை வீட்டு முற்றம். வெள்ளைப்படை அதிகாரி ஒருவன் ஒரு விவசாயப் பெண்ணை உடையைக் களையச் சொல்கிறான். அவன்தான் அந்த இடத்தின் ராஜா என்று தோன்றுகிறது, சுற்றி நிற்கும் சிப்பாய்கள் அவன் சொன்னதைச் செய்கிறார்கள். அந்த நேரம் மேலதிகாரிகள் வந்து சேருகிறார்கள். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு உத்தரவு. இப்போது அந்த அதிகாரியைப் பிடித்து நிற்கவைத்துச் சுடுகிறார்கள். அவனுக்குக் கீழே இருந்தவர்களே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சுட்டவர்கள் நல்லவர்கள் என்று நாம் நிம்மதி அடையவும் வழியில்லை, ஏனென்றால் கொஞ்ச நேரம் முன்னால் கைதிகளை ஓடவிட்டு வேட்டையாடியதும் அதே படைதான்.

ஆற்றங்கரையில் ஒரு ராணுவ மருத்துவமனை வருகிறது. காயம்பட்டுக் கிடப்பவர்களில் யார் சிவப்பு, யார் வெள்ளை என்று கேட்டு வருகிறார்கள். இங்கே நோயாளிகள் மட்டுமே இருக்கிறார்கள் என்கிறார் தலைமை நர்ஸ். பிறகு வெள்ளைப்படை அதிகாரிகள் அந்த நர்ஸ்களை வண்டியில் ஏற்றி பிர்ச் மரக்காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். என்ன நடக்கப்போகிறதோ என்று நமக்கு நெஞ்சு படபடக்கிறது. அங்கே ராணுவ பேண்டு வால்ட்ஸ் வாசிக்க, அலங்கார உடை உடுத்திய பெண்கள் ஒருவரோடு ஒருவர் ஜோடி சேர்ந்து ஆடவேண்டும். அதிகாரிகள் நின்று பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடி இல்லை, ரத்தம் இல்லை. வெள்ளை மரங்களுக்கு நடுவே கேமரா மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கொலைக் காட்சிகள் அத்தனை இருக்கும் படத்தில் இதுதான் என்னை அதிகம் பயமுறுத்திய இடம். நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்யவைக்க முடியும், காரணம்கூடத் தேவையில்லை என்பதுதானே முழு அதிகாரம்?

இந்த இடத்தில் கட் நிறைய போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நடுங்கும் விரல்கள், கண்ணீர் ததும்பும் கண், அதிகாரியின் இளிப்பு என்று துண்டு துண்டாக வந்திருக்கும். நாமும் அந்தப் பெண்களுக்காக இரக்கப்பட்டுவிட்டு, அந்த இரக்கத்திலேயே திருப்தி அடைந்திருப்போம். யான்ச்சோ அந்த வசதியை நமக்குத் தருவதில்லை.

இப்படிப்பட்ட ஷாட்டை எப்படித்தான் எடுப்பார்கள்? ஃபிலிம் காலத்தில் முதல் கட்டுப்பாடு ரீல். 35 எம்.எம். கேமராவில் மாட்டும் பெரிய ஃபிலிம் பெட்டியில் சுமார் 300 மீட்டர் சுருள் இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வேகத்தில் அது ஏறக்குறைய 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் அந்தக் காலத்து நீண்ட ஷாட்டுக்கு அதுதான் உச்சவரம்பு. இன்று டிஜிட்டல் கேமராவில் படம் முழுவதையும் ஒரே ஷாட்டில் எடுக்க முடிகிறது. ரஷ்ய இயக்குநர் அலெக்சாந்தர் சொகுரோவ் 2002-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள் அப்படி ஒரு படத்தை எடுத்தார். யான்ச்சோவுக்கு அந்த வசதி இல்லை. புல்வெளியில் ட்ராலிக்கான தண்டவாளத்தை நீளமாகப் போட்டு, கேமராவை அதன்மேல் ஓடவிடுவார்கள். கூடவே ஜூம் லென்ஸ். தூரத்தில் குதிரைகள் வருவதைக் காட்டிக்கொண்டிருந்த கேமரா, வெட்டாமலே அருகில் நிற்கும் ஒருவரின் தோளுக்கு வரும், அவர் நகர்ந்ததும் பின்னால் நிற்கும் மூன்று பேர் தெரிவார்கள். ட்ராலி ஒரு திசையில் போக, நடிகர்கள் எதிர்த் திசையில் நடக்க, குதிரைகள் இரண்டுக்கும் குறுக்கே ஓடவேண்டும். 'சைலன்ஸ் அண்ட் க்ரை' படத்திலிருந்து அவரோடு சேர்ந்த ஒளிப்பதிவாளர் யானோஷ் கெண்டே இந்தக் கலையில் கைதேர்ந்தவர். ஃபோகஸ் பார்ப்பவர் ஒரு நொடி அசந்தால் பத்து நிமிட உழைப்பும் வீண்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. யான்ச்சோ படங்களில் ஒலி முழுவதும் பின்னால் சேர்க்கப்பட்டது. அதனால் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் நடிகர்களுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க முடிந்தது: நீ இப்போது திரும்பு, நீங்கள் கிளம்புங்கள், குதிரை வரட்டும். எழுதிவைத்த திரைக்கதையை அப்படியே படம் பிடிப்பது அவர் வழக்கம் இல்லை. இடத்துக்குப் போய், தண்டவாளம் போட்டு, ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்துத்தான் ஷாட்டைக் கட்டுவார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், திரையில் சிப்பாய்கள் உத்தரவுக்கு நடப்பதும் நிற்பதும் இன்னொரு விதத்திலும் நிஜமாகத் தெரியும்.

கேன்ஸில் 1972-ல் சிறந்த இயக்குநர் விருது பெற்ற 'ரெட் சாம்' வரும்போது அவர் பாணி முழுசாக விளைந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பண்ணைக் கூலிகள் எழுந்த கதை. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தில் ஷாட்கள் முப்பதுக்கும் குறைவு. இங்கே யதார்த்தம் என்பதையே அவர் விட்டுவிட்டார். சுடப்பட்ட பெண்ணின் உள்ளங்கைக் காயம் சிவப்பு ரிப்பன் பூவாக மாறிவிடும். செத்தவர் எழுந்து வருவார். ஜனங்கள் விடாமல் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். சிப்பாய்கள் மெல்ல அவர்களைச் சூழ்ந்து வட்டம் கட்டுகிறார்கள். ஆட்டத்தின் வட்டமும் துப்பாக்கிகளின் வட்டமும் ஒரே ஷாட்டுக்குள் ஒன்றையொன்று நெருங்குவதை முதல்முறை பார்ப்பவர்கள் மறக்கமாட்டார்கள். கதை என்ன, பெயர்கள் என்ன என்று தேடினால் கைக்கு ஒன்றும் சிக்காது. பாட்டு மாதிரி பார்க்கவேண்டிய படம்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. எழுபதுகளின் நடுவில் இதே குதிரை, இதே வட்டம், இதே உடை களைந்த பெண்கள் என்று திரும்பத் திரும்ப வந்தபோது, பாணி பழக்கமாகிவிட்டது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். பெருமளவு அது சரிதான். 'த ரவுண்ட்-அப்'பில் உடையைப் பறிப்பது ஒரு மனிதரிடமிருந்து எல்லாவற்றையும் பறிப்பதன் அடையாளம். பார்க்கும்போது நமக்கே கூசும். இத்தாலி-யுகோஸ்லாவியா கூட்டுத் தயாரிப்பாக 1976-ல் வந்த 'ப்ரைவேட் வைசஸ், பப்ளிக் வர்ச்சூஸ்' படத்தில் அதே நிர்வாணம் வெறும் காட்சிப்பொருளாக எனக்குப் பட்டது.

யான்ச்சோ போட்ட பாதையில் வந்தவர்களில் உலகம் அதிகம் அறிந்த பெயர் பேலா தார். யான்ச்சோவை மிகப் பெரிய ஹங்கேரிய இயக்குநர் என்று சொன்னவர் அவர். இருவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் நீண்ட ஷாட்டை வைத்து இருவரும் செய்தது வெவ்வேறு வேலை. யான்ச்சோவின் ஷாட்டில் எல்லோரும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிலைமை மாறும். தார் படங்களில் மாற்றமே நடக்காது என்பதுபோல நேரம் கனத்துக் கிடக்கும். சேறு, மழை, காற்று, நடந்துகொண்டே இருக்கும் இரண்டு பேர். ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'சாத்தான்டாங்கோ' மாடுகள் கொட்டிலிலிருந்து வெளியே வந்து ஊருக்குள் அலைவதிலேயே பல நிமிடங்களைச் செலவழித்துத் தொடங்குகிறது. அந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதிய லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய்தான் 2025-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

தாரின் 'வெர்க்மைஸ்டர் ஹார்மனீஸ்' படத்தில் 145 நிமிடத்துக்கு 39 ஷாட்கள். அதில் ஒரு கும்பல் மருத்துவமனைக்குள் புகுந்து, கண்ணில் பட்டதை எல்லாம் உடைத்து, நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இழுத்துப்போட்டு அடிக்கிறது. கேமரா அறை அறையாகப் போகிறது. கத்தல் இல்லை, பேச்சும் இல்லை. கடைசியில் ஒரு திரையைக் கிழித்து இறக்கினால், எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் குளியல் தொட்டிக்குள் நிர்வாணமாக நிற்கிறார். கும்பல் அப்படியே நின்றுவிடுகிறது, பிறகு திரும்பி நடக்கிறது. அந்தத் திரும்பலை நாம் நம்புவதற்குக் காரணம், அதற்கு முந்தைய அத்தனை நிமிடமும் வெட்டுப்படாமல் நாமும் அவர்களோடு நடந்து வந்ததுதான்.

தாரிடம் உதவி இயக்குநராக இருந்த லாஸ்லோ நெமெஷ் 2015-ல் 'சன் ஆஃப் சால்' எடுத்தபோது இன்னொரு வழியைப் பிடித்தார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பிணங்களை அப்புறப்படுத்தும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு யூதக் கைதியின் கதை அது. கேமரா அவன் முகத்தையோ பிடரியையோ விட்டு விலகுவதே இல்லை. பின்னால் நடப்பதெல்லாம் மங்கலாகத் தெரியும், காதில் மட்டும் விழும். யான்ச்சோ வெட்டவெளியைத் திறந்துகாட்ட நீண்ட ஷாட்டைப் பயன்படுத்தினார். நெமெஷ் அதே கருவியால் நம் பார்வையை அடைத்துவிட்டார். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது.

யான்ச்சோ கடைசிவரை சும்மா இருக்கவில்லை. வெனிஸ் விழாவில் 1990-ல் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வாங்கியவர், எழுபத்தெட்டு வயதுவாக்கில் புடாபெஸ்ட் தெருக்களில் காபா, பெப்பே என்ற இரண்டு கிறுக்கர்களை வைத்து நகைச்சுவைப் படங்கள் எடுக்க ஆரம்பித்தார். 1999 முதல் 2006 வரை அப்படி ஆறு படங்கள். அவரும் ஹெர்னாதியும் தங்கள் சொந்தப் பெயரிலேயே அவற்றில் வந்து போவார்கள். ஹங்கேரியில் அவர் பேரன் வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் படங்கள் வழியாகத்தான் அவர் அறிமுகம். 2014 ஜனவரி 31 அன்று தொண்ணூற்றிரண்டு வயதில் புடாபெஸ்டில் காலமானார்.

பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: முதலில் 'த ரவுண்ட்-அப்', கதை தெளிவாக இருக்கும். அடுத்து 'த ரெட் அண்ட் த ஒயிட்'. இரண்டும் கறுப்பு வெள்ளை. ஹங்கேரியில் அவர் படங்கள் சிலவற்றைப் புதுப்பித்திருக்கிறார்கள், அந்தப் பிரதியாகக் கிடைத்தால் நல்லது, ஏனென்றால் தூரத்தில் தெரியும் சின்னச் சின்ன உருவங்கள்தான் இந்தப் படங்களில் முக்கியம். போன் திரையில் பார்த்தால் பாதி போய்விடும். யார் யாருடைய ஆள் என்று முதல் இருபது நிமிடம் புரியாது. அதற்காகப் பின்னால் ஓட்டிப் பார்க்கவேண்டாம், அந்தக் குழப்பத்தோடுதான் பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஷாட்டிலும் இப்போது உத்தரவு போடுவது யார் என்று மட்டும் கவனித்துக்கொண்டு வாருங்கள். 'ரெட் சாம்', 'எலக்ட்ரா' இரண்டையும் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். 'எலக்ட்ரா'வில் கிரேக்கப் புராணக் கதைக்குள் திடீரென்று ஒரு சிவப்பு ஹெலிகாப்டர் வந்து இறங்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏதோ வேறு படத்தின் துண்டு கலந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.